வெளிச்சத்தால் மூளைச் செல்லை இயக்க முடியுமா? ஒடிசாவில் 11 பேர் கண்ணில் நடந்த சோதனையும், நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

முத்தாண்டிக்குப்பத்து டீக்கடை ஒன்றில் போன வாரம் ஒரு வாட்ஸ்ஆப் ஃபார்வர்டு கைமாறிக்கொண்டிருந்தது. குளத்துப் பாசியில் இருந்து மரபணுவை எடுத்து மூளைக்குள் ஏற்றி, வெளிச்சம் அடித்து மனிதனை ஆட்டி வைக்கப் போகிறார்கள் என்பது அதில் பாதி. ஒரே ஊசியில் பார்வை போனவர்களுக்குக் கண் தெரிகிறது என்பது மீதி. எல்லோரும் முதல் பாதியைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் மட்டும் இரண்டாவது பாதியிலேயே நின்றார்.

"தம்பி, நீ பேப்பர்ல எழுதுறவன். இது நெசமா, கப்சாவா? அதை மட்டும் சொல்லு."

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய பேரனுக்குப் பதினேழு வயது. பொழுது சாய்ந்துவிட்டால் முந்திரித் தோப்பில் இருந்து வீட்டுக்கு வர அவனுக்கு ஒரு துணை வேண்டும். முதலில் மாலைக்கண் என்றார்கள். கேரட், முருங்கைக்கீரை, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததில் 'ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். விழித்திரை மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோய் அது. "இதுக்கு மருந்து இல்லீங்க" என்பதுதான் அன்று கேட்ட கடைசி வார்த்தை.

ஃபார்வர்டின் இரண்டு பாதியும் ஒரே விஞ்ஞானத்தைப் பற்றியவை. முதல் பாதி திரிக்கப்பட்ட உண்மை. இரண்டாவது பாதி, நடந்ததைவிடப் பெரிதாக ஊதப்பட்ட உண்மை. இதில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு இருப்பது பலருக்குத் தெரியாது.

ஒளிமரபியல் அப்படின்னா என்ன?

மூளையில் இருப்பவை சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். அவை மின்துடிப்பாலும் வேதிப்பொருளாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வலி, பயம், ஞாபகம், நடை எல்லாம் இந்தப் பேச்சுதான். பேச்சில் எங்கோ கோளாறு என்றால் இன்றைக்கு நம்மிடம் இருப்பவை மாத்திரையும் மின்கம்பியும். மாத்திரை ரத்தத்தில் கலந்து மூளை முழுக்கப் போகும். பார்கின்சன் நோயாளிகளுக்கு மூளைக்குள் வைக்கும் மின்கம்பி, தன்னைச் சுற்றியுள்ள எல்லா வகைச் செல்லையும் சேர்த்தே தூண்டும். நெய்வேலிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு வீட்டு ஃபேனை நிறுத்த ஊருக்கு வரும் ஃபீடரையே ஆஃப் பண்ணுகிற கதை.

அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனி ஸ்விட்ச் போட முடியாதா? 1979இல் இந்தக் கேள்வியை எழுப்பியவர், டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக். மூளையில் ஒரே ஒரு வகைச் செல்லை மட்டும் கட்டுப்படுத்தி, மற்றதைத் தொடாமல் விடும் வழி வேண்டும் என்றார். இருபது ஆண்டுகள் கழித்து, அதற்கு வெளிச்சம் பயன்படலாம் என்றும் சொன்னார். அவருக்கே அது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. நரம்புச் செல்லுக்கு வெளிச்சம் தெரியாதே! மண்டை ஓட்டுக்குள் கும்மிருட்டு.

வெளிச்சம் தெரிந்த வேறொரு உயிரிடம் இருந்து அந்தப் புரதத்தைக் கடன் வாங்குவதுதான் ஒளிமரபியல். அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை, நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸ் ஒன்றின் முதுகில் ஏற்றி, வேண்டிய செல்லுக்குள் அனுப்புவார்கள். செல் அந்தப் புரதத்தைத் தானே தயாரித்துத் தன் உறையில் பதித்துக்கொள்ளும். அதன் பிறகு அந்த நிறத்து வெளிச்சம் பட்டால் அந்தச் செல் மட்டும் துடிக்கும், அல்லது அடங்கும். பக்கத்துச் செல்லுக்கு ஒன்றும் ஆகாது.

உப்பளமும் குளத்துப் பாசியும்

கடன் கொடுத்த உயிர்கள் எல்லாம் நமக்குப் பக்கத்தில் இருப்பவைதான். மரக்காணம், வேதாரண்யம் பக்கம் கோடையில் போனவர்கள் பார்த்திருக்கலாம்: உப்புப் பாத்தியில் தண்ணீர் வற்றி அடர்த்தி ஏற ஏற இளஞ்சிவப்பு படியும். உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அந்த வகையைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரில்தான், சூரிய ஒளியை வாங்கிச் செல்லுக்கு ஆற்றல் ஏற்றும் 'பாக்டீரியோ ரோடாப்சின்' என்ற புரதத்தை 1971இல் டீட்டர் ஈஸ்டர்ஹெல்ட்டும் வால்டர் ஸ்டோக்கீனியஸும் அடையாளம் காட்டினார்கள்.

அடுத்தது, ஈர மண்ணிலும் குட்டைத் தண்ணீரிலும் வாழும் 'கிளாமிடோமோனஸ்' என்ற ஒற்றைச் செல் பாசி. இதற்கு ஒரு கண்புள்ளி உண்டு. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டு நீந்தும். அந்தப் புள்ளியில் இருக்கும் 'சேனல்ரோடாப்சின்' புரதம், நீல வெளிச்சம் பட்டதும் திறக்கிற ஒரு சின்ன வாசல். திறந்தால் மின்னேற்றம் உள்ள அயனிகள் உள்ளே பாயும். ஜெர்மனியில் பீட்டர் ஹெகமன், கியோர்க் நாகெல், எர்ன்ஸ்ட் பாம்பர்க் ஆகியோர் 2002, 2003 ஆண்டுகளில் இதை விளக்கினார்கள். 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசரோத், எட் பாய்டன் குழுவினர் இதையே எலியின் நரம்புச் செல்லில் வைத்து, நீல வெளிச்சத்தின் தாளத்துக்கு அதைத் துடிக்க வைத்தார்கள். பாசி நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று மூளை நினைப்பிலேயே இல்லை. "இதனால என்ன பிரயோஜனம்?" என்று ஆராய்ச்சி நிதிக்குக் கணக்குக் கேட்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குரானாவின் இரண்டாவது வாழ்க்கை

ஹர் கோவிந்த் குரானா என்றால் பள்ளிப் பாடத்தில் மரபுக் குறியீடு, 1968 நோபல் பரிசு என்று இரண்டு வரி வரும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று பாடம் சொல்வதில்லை. நோபலுக்குப் பிந்தைய பல ஆண்டுகளை அவர் எம்.ஐ.டி.யில் இந்த உப்பள நுண்ணுயிரின் பாக்டீரியோ ரோடாப்சினுக்கும், நம் கண்ணில் உள்ள ரோடாப்சினுக்கும்தான் கொடுத்தார்.

இங்கே ஒரு நுணுக்கம். பாசியின் புரதம் வெறும் வாசல். திறந்தால் மின்துடிப்பு, அவ்வளவுதான். ஆனால் மூளைப் பேச்சில் பெரும்பகுதி அப்படி நடப்பதில்லை. செல்லின் உறையில் 'ஏற்பி' என்ற புரதம் இருக்கும். வெளியே அட்ரினலினோ டோபமினோ மார்ஃபினோ வந்து அதில் ஒட்டினால், உள்ளே ஒரு தகவல் தொடர் ஓடத் தொடங்கும். வாசலில் காலிங் பெல் அடித்தால் வீட்டுக்குள் ஒருத்தர் இன்னொருத்தரைக் கூப்பிட்டு, அவர் அடுப்பில் பால் வைக்கச் சொல்லி, கடைசியில் காபி வருகிற மாதிரி. மெதுவான வேலை, ஆனால் செல்லின் போக்கையே மாற்றும். உலகில் விற்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த வகை ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது.

நம் கண்ணில் வெளிச்சத்தை உணரும் ரோடாப்சினும் இதே குடும்பம்தான். ஒரே வித்தியாசம், அதன் பெல்லை அடிப்பது வெளிச்சம். அப்படியென்றால் ரோடாப்சினின் வெளிப்பகுதியை எடுத்து, அட்ரினலின் ஏற்பியின் உள்பகுதியோடு தைத்துவிட்டால்? வெளிச்சம் பட்டதும், அட்ரினலின் வந்துவிட்டதாகச் செல் நினைத்துக்கொள்ளும். 2005இல் குரானாவின் குழு சோதனைக்கூடச் செல்களில் இதைச் செய்து காட்டியது. அப்போது அவருக்கு வயது 83.

அதே வழியை 2009இல் டைசரோத் ஆய்வகத்தின் ராக் ஐரன் குழுவினர் எலி மூளைக்குக் கொண்டுபோனார்கள். இன்ப உணர்வோடு தொடர்புள்ள ஒரு பகுதியில் இப்படித் தைத்த ஏற்பியை வைத்து வெளிச்சம் கொடுத்தபோது, வெளிச்சம் கிடைத்த இடத்தையே எலிகள் தேடிப் போயின. மின்துடிப்பை மட்டும் இல்லாமல், செல்லுக்குள் ஓடும் வேதித் தகவலையும் வெளிச்சத்தால் இயக்கலாம் என்று உயிருள்ள விலங்கில் தெரிந்தது அப்போதுதான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்டால், மார்ஃபினைச் சொல்வேன். புற்றுநோய் வலிக்கு அதைவிட நல்ல மருந்து கைவசம் குறைவு. ஆனால் வலியைக் குறைக்கும் அதே ஏற்பி, வேறு இடத்தில் மூச்சை அடக்கும், குடலை மந்தமாக்கும், இன்னோர் இடத்தில் அடிமைப்படுத்தும். மாத்திரைக்கு இடம் பொருள் தெரியாது. செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் புருஷாஸ் குழு, வெளிச்சத்தில் இயங்கும் ஓபியாய்டு ஏற்பி ஒன்றை 2015இல் செய்தது. எலி மூளையில் எந்த இடத்தில் வெளிச்சம் பட்டது என்பதைப் பொறுத்து, எலி ஒரு பக்கத்தை விரும்பவும் செய்தது, விட்டு விலகவும் செய்தது. எந்த இடத்துச் செல் என்ன வேலை செய்கிறது என்று பிரித்துத் தெரிந்தால்தான், அடிமைப்படுத்தாத வலி மருந்தைத் தேடவே முடியும்.

கொசுவிடம்கூடக் கடன் வாங்கியிருக்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஓஃபர் யிஷார் குழு 2021இல் வெளியிட்ட கருவி, அனாஃபிலஸ் ஸ்டீபன்சி கொசுவின் புரதம் ஒன்றில் இருந்து உருவானது. செல்லின் வால்நுனியில் இருந்து தகவல் வெளியே போவதை மட்டும் அது வெளிச்சத்தால் அடக்கும். சென்னையில் மொட்டைமாடித் தொட்டியில் வளர்ந்து மலேரியா பரப்புகிற அதே கொசு இனம்தான்!

அப்போ மூளையை ஆட்டி வைக்க முடியுமா?

எலியில் முடிந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எம்.ஐ.டி.யில் சுசுமு டோனேகாவா குழு 2012இல், எலியின் ஒரு பய ஞாபகத்தைச் சுமந்த செல்களை மட்டும் வெளிச்சத்தால் தட்டி எழுப்பியது. பயப்பட ஒன்றுமே இல்லாத கூண்டில் எலி பயந்து உறைந்தது. அடுத்த ஆண்டு, நடக்காத ஒன்றை நடந்ததாக எலியை நம்பவும் வைத்தார்கள். ஃபார்வர்டு எழுதியவர் இதை எங்கேயோ அரைகுறையாகப் படித்திருக்க வேண்டும்.

ஆனால் அதற்குத் தேவைப்பட்டது என்ன? எலியின் மண்டையில் துளை போட்டு, மூளைக்குள் வைரஸை ஊசியால் செலுத்தி, செல்கள் புரதம் தயாரிக்க வாரக்கணக்கில் காத்திருந்து, தலைமுடி தடிமன் உள்ள கண்ணாடி இழையை மூளைக்குள் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். வெளிச்சம் மூளைத் திசுவுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போவதே பெரும்பாடு. செல்போன் டவரில் இருந்தோ தெருவிளக்கில் இருந்தோ யாரும் யாரையும் ஆட்டி வைக்க முடியாது.

மனித மூளைக்கு இது இன்னும் சிகிச்சையாக வராததற்கும் இதுவே காரணம். மனித மூளை எலி மூளையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. ஒருமுறை செல்லுக்குள் போன மரபணுவைத் திரும்ப எடுக்க முடியாது. பாசிப் புரதத்தை அந்நியன் என்று உடம்பு எதிர்க்கலாம். அதனால் மூளை ஆராய்ச்சியில் ஒளிமரபியல் இன்றைக்கு முதன்மையாக ஓர் ஆய்வுக் கருவி. பார்கின்சனுக்கு வைக்கும் மின்கம்பி எந்தப் பாதையைத் தூண்டுவதால் பலன் தருகிறது என்று ஆராய அது உதவியிருக்கிறது. வைத்தியமாக அது முதலில் வந்து சேர்ந்தது வேறு இடத்துக்கு: கண்ணுக்கு.

ஏன் கண்?

விழித்திரை, கருவில் மூளையில் இருந்தே பிதுங்கி உருவாகும் பகுதி. வெளிச்சம் நேராகப் போய் விழ இயற்கையே ஜன்னல் வைத்த மூளைத் துண்டு என்று சொல்லலாம். துளை போட வேண்டாம், கண்ணாடி இழை வேண்டாம். உடம்பின் எதிர்ப்பும் அங்கே கொஞ்சம் அடக்கம்.

ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவில் முதலில் சாவது மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி வடிவச் செல்கள். அதனால்தான் ஆரம்பம் மாலைக்கண்ணாக இருக்கிறது. ஆனால் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் வேறு, இது வேறு. கீரை முதலாவதைச் சரிசெய்யும், இரண்டாவதைச் செய்யாது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போலாகும். பலருக்குக் கடைசியில் நடுப்பார்வையும் போகும். இதில் ஒரு சின்ன நல்ல செய்தி: வெளிச்சத்தை வாங்கும் செல்கள் செத்தாலும், அவை தரும் தகவலை மூளைக்குக் கொண்டுபோகும் பின்வரிசைச் செல்களில் பல உயிரோடுதான் இருக்கின்றன. ஆன்டெனா போய்விட்டது, கேபிள் இருக்கிறது. அந்தக் கேபிள் செல்லுக்கே வெளிச்சம் தெரியும்படி செய்தால்?

விலங்குகளில் இதை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர், டெட்ராய்ட்டில் உள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஷுவோ-ஹுவா பான். 2006இல் அவர் ஆய்வு வெளிவந்தது. 2016இல் டெக்சாஸில் முதல் நோயாளிக்கு ஊசி போடப்பட்டது. உலகம் நிமிர்ந்து பார்த்தது 2021 மே மாதத்தில். ஜோஸ்-அலான் சாஹெல், போட்டோண்ட் ரோஸ்கா குழு, சுமார் 40 ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்ந்த 58 வயது மனிதர் ஒருவரைப் பற்றி எழுதியது. ஒரு கண்ணில் ஊசி. பிறகு, எதிரே உள்ள காட்சியைக் கேமராவில் பிடித்து மஞ்சள் கலந்த ஆரஞ்சு வெளிச்சமாக விழித்திரையில் அடிக்கும் கண்ணாடியோடு மாதக்கணக்கில் பயிற்சி. மேசை மேல் இருந்த நோட்டுப் புத்தகத்தை அவர் கை நீட்டித் தொட்டார், டம்ளர்களை எண்ணினார். தெருவில் ஜீப்ரா கிராசிங்கின் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. முகம் தெரியவில்லை, எழுத்தும் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் எதுவும் இல்லை.

கட்டாக்கில் நடந்தது

அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியபோது, நம் நாட்டில் நடந்தது பெரிதாகப் பேசப்படவில்லை. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் உள்ள நானோஸ்கோப் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர், இந்திய வம்சாவளி இயற்பியலாளர் சமரேந்திர மொஹந்தி. அவர்கள் உருவாக்கிய ஒளிப்புரதம் வெவ்வேறு நிறங்களுக்கும், வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சத்துக்கும் இயங்கும்படி செய்யப்பட்டது. அதனால் கேமராக் கண்ணாடி தேவையில்லை. ஆபரேஷன் தியேட்டரும் வேண்டாம், கண்ணுக்குள் போடும் ஓர் ஊசி போதும் என்பது அவர்கள் வாதம்.

அந்த மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த முதல் கட்டச் சோதனை நடந்தது இந்தியாவில். ஒடிசா மாநிலம் கட்டாக்கில் உள்ள ஜேபிஎம் ரோட்டரி கண் மருத்துவமனையில், நோய் முற்றிய 11 பேர் கலந்துகொண்டார்கள். வடிவங்களை அடையாளம் காண்பதிலும், வழி கண்டு நடப்பதிலும் முன்னேற்றம் இருந்ததாக 2021இல் நிறுவனம் அறிவித்தது. அதை வைத்துத்தான் அமெரிக்காவில் 27 பேரிடம் அடுத்த கட்டச் சோதனை நடந்தது. அதில் ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாப் போலி ஊசி. 2024இல் வந்த முடிவுப்படி, அதிக அளவு மருந்து பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் பார்வைச் சோதனையில் சராசரியாகச் சுமார் மூன்று வரி முன்னேறினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் அனுமதி கேட்கும் வேலையை 2025இல் நிறுவனம் தொடங்கியது.

மூன்று வரி என்றதும் சார்ட்டின் கடைசி வரி வரைக்கும் படிப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் கண் முன்னால் கையை ஆட்டினால்தான் தெரியும் என்ற நிலையில் இருந்தவர்கள். அங்கிருந்து மூன்று வரி என்பது, நாற்காலி எங்கே, கதவு எங்கே என்று தடுமாறாமல் தெரிவது. அந்த நிலையில் வாழ்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பைக் ஓட்டவோ பாடப் புத்தகம் படிக்கவோ அது வராது. 'ஊசி போட்டால் கண் தெரியும்' என்ற வரியில் இந்த இடைவெளிதான் காணாமல் போகிறது. அதோடு 27 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பத்து ஆண்டு கழித்து அந்தப் புரதம் என்ன ஆகும் என்பதற்கு, பத்து ஆண்டு போனால்தான் பதில்.

நமக்கு ஏன் இது கூடுதலாக முக்கியம்?

உலக அளவில் சுமார் 4,000 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 40 வயது தாண்டிய தென்னிந்தியர்களிடம் பார்த்து 2008இல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது: நகரத்தில் 930 பேருக்கு ஒருவர், கிராமத்தில் 372 பேருக்கு ஒருவர்.

இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது சொந்தத்தில் கல்யாணம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் ரத்த உறவில் நடந்தவை. நாட்டுச் சராசரி 11 சதவீதம். சித்தப்பாவின் மகளையும் தாய்மாமனுக்குத்தான் கொடுத்தார்கள். "அப்போ நாங்க பண்ணதுதான் தப்பா?" என்று அவர் கேட்டார். தப்பு என்று யாரையும் நிறுத்தி வைக்க இது கணக்கு இல்லை. உறவில் மணம் முடித்த பெரும்பாலானோரின் பிள்ளைகளுக்கு இந்த நோய் வருவதில்லை, வெளியில் மணம் முடித்தவர்கள் வீட்டிலும் வரத்தான் செய்கிறது. ஒரே பழுது அம்மா, அப்பா இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு உறவில் கூடும், அவ்வளவுதான். அடுத்த தலைமுறைக்குப் பெண் பார்க்கும்போது தெரிந்திருக்க வேண்டிய தகவல் இது.

இந்த நோய்க்குக் காரணமாகும் மரபணுக்கள் எண்பதுக்கும் மேல். 2017இல் எஃப்டிஏ அனுமதித்த 'லக்ஸ்டர்னா' என்ற மரபணு சிகிச்சை, அவற்றில் ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுப் பழுதுக்கு மட்டும். ஒளிமரபியலின் பலம் இங்கேதான்: எந்த மரபணு கெட்டது என்று அது கேட்பதில்லை. கேபிள் செல் உயிரோடு இருந்தால் போதும்.

விலையை யார் பேசுவது?

லக்ஸ்டர்னா இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர். இன்றைய மதிப்பில் ஏழு கோடி ரூபாய்க்கு மேல். புதிய ஊசிக்கும் இதே பாணியில் விலை வைத்தால், அதை முதலில் தன் கண்ணில் வாங்கிப் பார்த்த நாட்டில் எத்தனை பேருக்கு எட்டும்?

சட்டத்தில் ஒரு பாதி பதில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, சோதனையில் ஒரு மருந்து பலன் தந்து, அந்த நோய்க்கு மாற்று மருந்தும் இல்லையென்றால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு சோதனை முடிந்த பிறகும் பங்கேற்றவருக்கு அதை இலவசமாகத் தர வழி உண்டு. ஆனால் அது பங்கேற்றவருக்குத்தான். இதே நோயோடு இருக்கும் லட்சக்கணக்கான மற்றவர்களுக்கு என்ன விலை என்று சோதனைக்கு அனுமதி கொடுக்கும்போதே பேச வேண்டும் என்பது என் கருத்து. முதல் கட்டச் சோதனைக்கு இந்தியாவில் ஆள் கிடைப்பது, செலவு குறைவது இரண்டும் நிறுவனங்களுக்கு லாபம். அனுமதி கொடுக்கிற மேசையில்தான் நமக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது. மருந்து சந்தைக்கு வந்த பிறகு கெஞ்சத்தான் முடியும்.

நம்மால் மலிவாகச் செய்யவே முடியாது என்றும் இல்லை. கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு, சாமானியருக்கு எட்டாத விலை. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் அதைச் செய்யத் தொடங்கிய பிறகு விலை பல மடங்கு சரிந்தது. மரபணு சிகிச்சையிலும் தொடக்கம் நடந்திருக்கிறது. ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு வேலூர் சிஎம்சியில் கொடுத்த மரபணு சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. வைரஸைச் சுத்தமாக, பெரிய அளவில் தயாரிக்கும் கூடம்தான் இதில் செலவான பகுதி. அதற்குப் பொதுப்பணம் போட்டால் கண்ணுக்கும் பயன்படும், மற்ற நோய்களுக்கும் பயன்படும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

சித்தப்பாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முதலில், எந்த மரபணுவில் பழுது என்று பரிசோதனை செய்து சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்தில் எந்தச் சிகிச்சை வந்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுவாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கண்புரையும் விழித்திரை வீக்கமும் சீக்கிரம் வருவதுண்டு, அவற்றுக்கு இன்றைக்கே சிகிச்சை இருக்கிறது. பார்வைக் குறைபாட்டுக்கான மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவதில் கௌரவம் பார்க்க வேண்டாம், படிப்பிலும் வேலையிலும் உதவும்.

"சோதனையில் சேர்த்து விடுகிறோம், இவ்வளவு கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான சோதனையில் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை 'சிடிஆர்ஐ' என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஸ்டெம் செல் ஊசி என்று சொல்லி லட்சங்களைக் கறக்கும் விளம்பரங்களுக்கும் இதே அளவுகோல்தான்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிடிஆர்ஐ என்பதை மட்டும் சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். "அவனுக்கு இன்னும் பக்கத்துல இருக்கிறது தெரியுது. அவனுக்கு இந்த ஊசி போடலாமா?" என்றார். போட மாட்டார்கள். இதுவரை நடந்த சோதனைகள் பதினெட்டு வயது முடிந்த, பார்வை ஏறக்குறைய முழுக்கப் போனவர்களுக்குத்தான். இருக்கிற பார்வையைக் கெடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. பேரன் அப்போது கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். வெளிச்சம் இன்னும் இருந்தது. "தாத்தா, ஆறு மணி ஆவுது, வா போலாம்" என்றான்.